பிள்ளைக்கு ஒரு சாக்கு வேண்டும்

கிழக்கு லண்டனில் ஓஃப் லைசன்ஸ் கடை நடத்தும் நண்பர் ஒருவருக்கு ‘இல்லை’ சொல்வது தொழிலில் ஒரு பங்கு. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மீசை அரும்பும் பெடியன்கள் குரலைக் கனமாக்கிக்கொண்டு வந்து சைடர் கேட்பார்கள். அவர் முகத்தில் ஒரு சலனமும் இராது. முதுகுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ‘சாலஞ்ச் 25’ அட்டையைக் கட்டைவிரலால் காட்டுவார். “ஐடி?” அவ்வளவுதான். இல்லையென்றால் போத்தல் தட்டுக்குத் திரும்பிவிடும். கல்லாவுக்குக் கீழே ஒரு கொப்பி வைத்திருக்கிறார். விற்க மறுத்த ஒவ்வொரு தடவையும் நாள், நேரம், என்ன கேட்டார், ஆள் பார்க்க எப்படி இருந்தார் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைப்பார். கவுன்சிலிலிருந்து ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ்காரர் வந்தால் அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்ப்பார்கள்.

இப்படிப்பட்டவர் தன் மகனைப் பற்றிப் பேச்செடுத்தபோது தடுமாறினார். பெடியனுக்குப் பதினாறு. ஜிசிஎஸ்இ பரீட்சை முடிகிறது, ப்ராம் வருகிறது, அது முடிந்ததும் யாரோ ஒரு நண்பன் வீட்டில் ‘மோட்டிவ்’. லண்டன் பிள்ளைகள் பார்ட்டியை அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த வீட்டுத் தாய் தகப்பன் அன்றைக்கு ஊரில் இல்லை என்பதும் எப்படியோ காதுக்கு வந்துவிட்டது.

“அண்ணை, ஊராற்ற பிள்ளையளுக்கு நான் ஒவ்வொரு நாளும் இல்லை எண்டு சொல்லுறன். என்ர பிள்ளை இன்னொருத்தனுக்கு அப்பிடிச் சொல்லுவானோ எண்டு தெரியேல்லை.”

கடைக்குப் பின்னாலிருக்கும் சின்ன அறையில், அவருடைய மனைவி இஞ்சி தட்டிப் போட்டு ஊற்றிய தேத்தண்ணியோடு இந்தக் கதை நீண்டது. அங்கே சொன்னதையும், நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். ஹரோவில், டூட்டிங்கில், இல்ஃபோர்டில் இதே கவலையோடு இருக்கும் பெற்றோர் நிறையப் பேர்.

முதலில் நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. “தம்பி, நீர் ஒருநாளும் தைரியத்தாலை இல்லை எண்டு சொல்லேல்லை. உம்மட முதுகுக்குப் பின்னாலை இருக்கிற அட்டைதான் சொல்லுது.”

யோசித்துப் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் லைசன்ஸிங் சட்டம் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. அபராதத்துக்கு இன்று உச்சவரம்பு இல்லை, கடையின் லைசன்ஸே கையை விட்டுப் போகலாம். கவுன்சில் சில நேரம் பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளையே சோதனைக்காகக் கடைக்கு அனுப்பி வாங்கச் சொல்லும். ஆகவே எதிரே நிற்பவன் எவ்வளவு கெஞ்சினாலும், கேலி செய்தாலும், கடைக்காரருக்குப் பதில் தயார்: என் கையில் ஒன்றும் இல்லை. சட்டம் கேட்கும் வயது 18. கடைகள் ஐடி கேட்பதோ 25க்குக் குறைவாகத் தோன்றும் எல்லோரிடமும். முன்பு அது 21ஆக இருந்தது, பிறகு உயர்த்தினார்கள். அந்த ஏழு வயது இடைவெளி இருப்பதால் ‘என்னைப் பார்த்தால் சின்னப்பிள்ளை மாதிரியா இருக்கு?’ என்ற சண்டைக்கே இடமில்லை. முப்பது வயதுக்காரரும் சிரித்துக்கொண்டு டிரைவிங் லைசன்ஸை எடுத்துக் காட்டிவிட்டுப் போகிறார். மறுப்பில் தனிப்பட்ட விரோதம் எதுவும் ஒட்டுவதில்லை.

இரவு பத்து மணிக்கு நண்பன் வீட்டு அடுப்படியில் நிற்கும் பதினாறு வயதுப் பெடியனுக்கு இப்படி எந்த அட்டையும் கிடையாது. அவன் தன் பெயரில்தான் மறுக்கவேண்டும். அதுவும் யாருடைய மதிப்பு தனக்கு வேண்டுமென்று ஏங்குகிறானோ, அவர்கள் முன்னால். மறுத்தால் ‘எங்களைவிட நீ பெரிய ஆளோ’ என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம் வேறு. பெற்றோராக நாம் செய்யக்கூடியவற்றில் பெரும்பகுதி அவனுக்கு ஒரு அட்டையைச் செய்து கொடுப்பதுதான் என்பது என் எண்ணம். தைரியத்தைப் பற்றி நாம் எடுக்கும் வகுப்புகள் பின்னால் வரட்டும்.

அந்த வயதின் கோணலைப் புரிந்துகொள்ள சவுத் கென்சிங்டனில் இருக்கும் சயன்ஸ் மியூசியத்துக்குப் போகவேண்டும். 2015இல் வெளியான ஒரு ஆய்வு அங்கே வந்த பார்வையாளர்களை வைத்தே நடந்தது. யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் அப்போது இருந்த சாரா ஜேன் பிளேக்மோரின் குழு செய்தது. எட்டு வயதிலிருந்து ஐம்பத்தொன்பது வயது வரை 563 பேர். சிவப்பு விளக்கு எரியும்போது வீதியைக் கடப்பது போன்ற அன்றாட விஷயங்கள் எவ்வளவு ஆபத்தானவை என்று ஒவ்வொருவரும் மதிப்புப் போடவேண்டும். போட்டதும், ‘இதற்கு மற்றவர்கள் போட்ட மதிப்பு இது’ என்று ஒன்றைக் காட்டுவார்கள். சில நேரம் அது பெரியவர்களுடையது என்பார்கள், சில நேரம் பதின்வயதினருடையது என்பார்கள். உண்மையில் எல்லாம் கணினி சும்மா எடுத்துப் போட்ட எண்கள். பிறகு திரும்பவும் மதிப்புப் போடச் சொல்வார்கள்.

எல்லா வயதினரும் மற்றவர் சொன்ன பக்கம் கொஞ்சம் சாய்ந்தார்கள். வயது ஏற ஏறச் சாய்வு குறைந்தது. சின்னப்பிள்ளைகளும் வளர்ந்தவர்களும் பெரியவர்கள் சொன்னதற்கே அதிகம் மதிப்புக் கொடுத்தார்கள். பன்னிரண்டிலிருந்து பதினான்கு வயது வரையான கூட்டம் மட்டும் பெரியவர் சொன்னதைவிட இன்னொரு பதின்வயதுப் பிள்ளை சொன்னதன் பக்கம் அதிகமாய்ச் சாய்ந்தது.

நண்பரின் மனைவி இதைக் கேட்டுவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். “அப்ப அந்த வயதிலை நாங்கள் என்ன சொன்னாலும் காதிலை விழாதோ?”

விழும். குறைவாக விழும். இந்த முடிவைத் தலைகீழாகப் படித்தால் நமக்கு வழி தெரியும். பத்து, பதினொரு வயதில், செக்கண்டரிக்குப் போவதற்கு முன்னால், நம் வாய்ச்சொல்லுக்கு நல்ல விலை இருக்கிறது. குடியைப் பற்றிய முதல் பேச்சு அங்கே தொடங்கவேண்டும். நம் வீடுகளில் அது பதினாறில், ப்ராமுக்கு உடுப்புத் தைக்கும் நேரத்தில்தான் தொடங்குகிறது. மற்றது, பதினான்கு தாண்டினால் அந்தச் சாய்வு மெல்லத் தணியும். எட்டாம் ஆண்டில் நம்மை ஏறெடுத்தும் பார்க்காத பிள்ளை பதினோராம் ஆண்டில் ஒரு நாள் காரில் போகும்போது தானாகவே வாய் திறப்பான். அந்த நேரம் ரேடியோவைக் குறைத்துவிட்டு ஓட்டினால் போதும்.

பிள்ளைகள் குடிப்பதற்குப் பெரும்பாலும் சொல்லும் காரணம் ‘எல்லாரும் குடிக்கினம்’. இது பொய் என்று அவர்களுக்கே தெரியாது. இங்கிலாந்துப் பள்ளிகளில் 11 முதல் 15 வயது வரையான மாணவர்களிடம் என்எச்எஸ் தரப்பில் ஒரு கணக்கெடுப்பு நெடுங்காலமாக நடக்கிறது. 2003இல் அவர்களில் 61 வீதம் பேர் ஒரு தடவையாவது மது குடித்திருந்தார்கள். 2021இல் அது 40 வீதம். கிழமைக்கு ஒரு முறையாவது குடிக்கிறவர்கள் 6 வீதம்தான். வெள்ளைக்காரப் பிள்ளைகளைவிட ஆசியப் பிள்ளைகள் குறைவு. கொஞ்சம் மூத்தவர்களிடமும் இதே போக்கு. 16 முதல் 24 வயது வரையானவர்களில் மது குடிக்காதவர்கள் 2005இல் 18 வீதம், 2015இல் 29 வீதம் என்று அதே யூனிவர்சிட்டி காலேஜின் வேறு ஆய்வாளர்கள் கணக்குக் காட்டினார்கள். இந்த நாடு திருந்திவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. 2024இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட 44 நாடுகளின் ஒப்பீட்டில், 11 வயதிலும் 13 வயதிலும் மதுவை ருசி பார்த்தவர்கள் அதிகமாக இருந்த இடம் இங்கிலாந்துதான். ஆனால் ‘எல்லாரும்’ என்பது ஒருநாளும் உண்மை இல்லை.

பிறகு ஏன் அப்படித் தோன்றுகிறது? குடித்தவன் சத்தம் போடுவான், படம் பிடித்து ஸ்னாப்சாட்டில் போடுவான், திங்கட்கிழமை அதையே கதைப்பான். வெள்ளிக்கிழமை இரவு வீட்டில் பிட்சா சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் அதைப் பற்றி என்ன கதைப்பது? ஆக, குடிக்காத பெரும்பான்மையில் ஒவ்வொருவரும் தான்தான் தனி ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இந்த மயக்கத்தை உடைப்பதுதான் மறுக்கப் பழக்குவதைவிட முக்கியம் என்று காட்டிய சோதனை ஒன்று உண்டு. கலிஃபோர்னியாப் பள்ளிகளில் ஹான்சன், கிரஹாம் என்ற இருவர் நடத்தியது, 1991இல் வெளியானது. சில வகுப்புகளுக்கு ‘மறுப்பது எப்படி’ என்று மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். சில வகுப்புகளுக்கு ‘உங்கள் வயதில் உண்மையில் எத்தனை பேர் குடிக்கிறார்கள்’ என்று காட்டினார்கள். குடி தொடங்குவதைக் குறைத்தது இரண்டாவதுதான். மறுக்கும் பயிற்சி மட்டும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. 1983இல் லாஸ் ஏஞ்சலஸ் பொலிசார் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய, பிள்ளைகளுக்கு மறுக்கக் கற்றுக்கொடுக்கும் டேர் என்ற பள்ளித் திட்டத்துக்கும் பிற்பாடு ஆய்வுகளில் நல்ல மதிப்பெண் கிடைக்கவில்லை.

காரணம் லேசானது. எல்லோரும் செய்யும் ஒன்றை மறுக்கப் பழக்குகிறோம் என்றால், ‘எல்லோரும் செய்கிறார்கள்’ என்பதை நாமே பிள்ளையின் மனதில் ஊன்றுகிறோம். “உன்ர வகுப்பிலை எல்லாம் கண்டபடி குடிக்குதாம், நீ கவனம்” என்று சொல்லும் அம்மா அறியாமல் செய்வது அதைத்தான். கணக்கெடுப்பு எண்ணை ஒருதடவை போகிற போக்கில் சொல்லிவிட்டு, “உன்ர பள்ளிக்கூடத்திலை எப்பிடி?” என்று கேட்டுவிட்டு விடுங்கள். அவனே ஆட்களை விரல் மடித்து எண்ணத் தொடங்குவான்.

எண்ணும்போது ஒருவன் அகப்பட்டால் போதும். 1950களில் அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு மேசையைச் சுற்றி மாணவர்களை உட்காரவைத்தார். ஒரு கோட்டைக் காட்டி, மற்ற மூன்றில் எது இதே நீளம் என்று கேட்டார். குழந்தைக்கும் விடை தெரியும். ஆனால் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் அவர் ஏற்கெனவே சொல்லிவைத்த ஆட்கள். குறித்த சுற்றுகளில் ஒரே மாதிரிப் பிழையான விடை சொல்வார்கள். இப்படித் தனித்துவிடப்பட்டவர்கள், கண் முன்னால் கோடு இருக்கும்போதே, அந்தச் சுற்றுகளில் மூன்றில் ஒரு பங்கு தடவை கூட்டத்தோடு சேர்ந்து பிழையாகச் சொன்னார்கள். பிறகு ஆஷ் ஒரு மாற்றம் செய்தார். கூட்டத்தில் இன்னொருவர் மட்டும் சரியான விடை சொல்லட்டும் என்றார். பிழை ஏறத்தாழ நாலில் ஒன்றாக விழுந்தது. எதிரே இருந்த கூட்டம் பெரும்பாலும் அப்படியேதான் இருந்தது. துணைக்கு ஒரு ஆள் வந்தார், அவ்வளவுதான்.

நம் பெற்றோர் அதிகம் சக்தி செலவழிப்பது ‘அந்தப் பெடியனோடை சேராதை’ என்பதில். அதற்குப் பதிலாக, அந்தக் கூட்டத்தில் குடியில் நாட்டமில்லாத இன்னொரு பிள்ளை யார் என்று கண்டுபிடிப்பது பிரயோசனம். பார்ட்டிக்கு இரண்டு பேரும் ஒன்றாகப் போகட்டும், ஒன்றாக வரட்டும். காரில் கொண்டுபோய் விடுவது நீங்கள், திருப்பிக் கூட்டிவருவது அந்தப் பிள்ளையின் அப்பா என்று பேசி வையுங்கள். ஈஸ்ட் ஹாமிலோ இல்ஃபோர்டிலோ படிக்கும் பிள்ளைக்கு இது இன்னும் சுலபம். வகுப்பில் நிறையப் பேர் முஸ்லிம் பிள்ளைகளாக இருப்பார்கள். அவர்களில் பலருக்கு மறுப்பதற்குக் காரணம் மார்க்கத்திலேயே இருக்கிறது, யாரும் திரும்பக் கேட்பதில்லை. நம் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. கோயிலுக்குப் போகிற குடும்பம்தான், ஆனால் கலியாண வீட்டில் அப்பா கையில் கிளாஸ் இருப்பதை அவன் பார்த்திருக்கிறான்.

இந்த இடத்தில் அறையில் கொஞ்சம் அமைதி வந்தது. ஆகவே அதையும் பேசிவிட வேண்டியதாயிற்று.

லண்டனில் தமிழ்ப் பெடியனுக்கு முதல் கிளாஸை நீட்டுவது எப்போதும் வெள்ளைக்கார நண்பன் என்று நினைக்கக்கூடாது. சாமத்திய வீடோ இருபத்தொராவது பிறந்தநாளோ நடக்கும் மண்டபத்துக்கு வெளியே கார் பார்க்கிங்குக்குப் போய்ப் பாருங்கள். ஒரு காரின் டிக்கி திறந்திருக்கும். உள்ளே விஸ்கிப் போத்தல், பிளாஸ்டிக் கப், மிக்சர் பொதி. சுற்றி நிற்கும் மாமாக்களில் ஒருவர் பதினைந்து வயது மருமகனைக் கண்டதும், “ஆம்பிளைப் பிள்ளை தானே, ஒண்டு அடியடா” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். தகப்பன் சிரிப்பாரே தவிரத் தடுக்கமாட்டார். தடுத்தால் அவருக்கு மரியாதைக் குறைவு. நாற்பத்தைந்து வயது மனிதன் மச்சான்மார் முன்னால் மறுக்கத் திராணி இல்லாமல் நிற்பதை அந்தப் பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கிறான். அன்றைக்கு அப்பா, “எனக்கு வேண்டாம் மச்சான், நான் தான் கார் ஓட்டவேணும்” என்று சொல்லிவிட்டு ஒரு கோலாவை எடுத்திருந்தால், மறுப்பது எப்படி இருக்கும், மறுத்த பிறகும் எப்படி அதே கூட்டத்தில் நின்று சிரித்துக் கதைக்கலாம் என்று பிள்ளை கண்ணால் கண்டிருப்பான்.

அடுத்த கேள்வி நண்பரின் மனைவியுடையது, இதைக் கேட்காத தாய் இல்லை. “அண்ணா, வெளியிலை போய்க் களவாக் குடிக்கிறதைவிட, வீட்டிலை நாங்களே கொஞ்சம் குடுத்துப் பழக்கினால் என்ன? பிரெஞ்சுக்காரர் அப்பிடித்தானாமே?”

சட்டம் இதில் நாம் நினைப்பதைவிடத் தளர்வானது. இலங்கையில் 2006இலிருந்து இருபத்தொன்று ஆகாதவருக்கு விற்கமுடியாது. இங்கே ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மது கொடுப்பது குற்றம், அதற்கு மேல் வீட்டுக்குள் நடப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை பெரியவரோடு உணவகத்தில் சாப்பிடும்போது, பெரியவர் வாங்கிக் கொடுக்கும் பியரையோ வைனையோ சைடரையோ குடிக்கலாம். சட்டம் விட்டதை மருத்துவம் விடவில்லை. 2009இல் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த சர் லியாம் டொனல்ட்சன் வெளியிட்ட அறிவுரை: பிள்ளைப்பருவம் முழுக்க மது இல்லாமல் இருப்பதே நல்லது, எப்படியும் பதினைந்துக்கு முன்னால் வேண்டாம்.

பழக்கிவிட்டால் பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்கு விடை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அங்கே 1,927 பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்து, 2018இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் முடிவை வெளியிட்டார்கள். வீட்டில் கொடுத்ததால் பிள்ளைக்குப் பாதுகாப்புக் கிடைத்தது என்பதற்கு அடையாளமே இல்லை. வீட்டில் கிடைத்த பிள்ளைகள் அடுத்த ஆண்டு வெளியிலிருந்தும் வாங்கிக் குடிப்பது கூடியிருந்தது. கிறிஸ்மஸ் அன்று தாத்தாவின் கிளாஸிலிருந்து ஒரு வாய் ருசி பார்த்ததற்காக யாரும் தலையில் கைவைக்க வேண்டியதில்லை. ‘எப்படியும் குடிக்கத்தானே போகிறான்’ என்று நாலு பியர் கானைப் பையில் போட்டு பார்ட்டிக்கு அனுப்புவது வேறு. அது அவனுக்குப் பாதுகாப்பாகாது. அப்பாவும் சம்மதம் என்ற செய்திதான் அதில் போகிறது.

இனி அந்த அட்டைக்கு வருவோம். நண்பர் இதைத்தான் ஆவலோடு எதிர்பார்த்திருந்தார்.

பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய சிறந்த சாக்கு நீங்கள்தான். ‘என்ர அம்மா வாசலிலேயே நிண்டு மணந்து பார்ப்பா’, ‘பிடிபட்டா அப்பா ஃபோனைப் பறிச்சிடுவார்’ என்று அவன் உங்களைக் கொடுமைக்காரராகக் காட்டட்டும். அதற்கு அனுமதி உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நண்பர்களிடம் உங்கள் பெயர் கெடும், பரவாயில்லை. சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளி, மிருதங்க வகுப்பு, புட்போல் மேட்ச், பதினேழு என்றால் டிரைவிங் லெசன் என்று எல்லாமே சாக்குத்தான். அடுத்த நாள் காலைக்கு ஒரு வேலை இருக்கும்படி பார்த்துக்கொள்வது கெட்ட யோசனை இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் அறிவுரை சொல்வது தமிழில். அவன் மறுக்கவேண்டியதோ லண்டன் இங்கிலீஷில், அதுவும் அரை நொடியில். ‘எனக்குக் குடிப்பழக்கம் இல்லை’ என்ற அடக்கமான வாக்கியத்தை அங்கே யாரும் பேசுவதில்லை. ‘நா, ஐம் குட்’ என்றுதான் அந்தப் பிள்ளைகள் சொல்வார்கள். தோளை லேசாய்க் குலுக்கிச் சொல்லிவிட்டு உடனே வேறு கதைக்குத் தாவவேண்டும். காரணம் விளக்கத் தொடங்கினால் அங்கே விவாதம் தொடங்கும். எப்படிச் சொல்வாய் என்று வீட்டில் ஒருதடவை கேளுங்கள். நீங்கள் வற்புறுத்தும் நண்பனாக நடித்தால் உங்கள் இங்கிலீஷைக் கேட்டுச் சிரிப்பான், சிரிக்கட்டும். கையில் ஏற்கெனவே கோக் நிரம்பிய கப் இருந்தால் யாரும் புதிதாக ஒன்றை நீட்டுவதில்லை என்பதையும் சொல்லிக்கொடுங்கள். அந்தக் கப்பைக் கீழே வைத்துவிட்டுப் போய் வந்தால், திரும்ப எடுத்துக் குடிக்கக்கூடாது என்பதையும்.

அடுத்தது, வெளியேறும் வழி. குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள். ‘அம்மம்மாக்கு எப்பிடி இருக்கு?’ என்று அவன் அனுப்பினால், ஐந்து நிமிடத்தில் நீங்கள் ஃபோன் எடுத்து உரத்த குரலில், “உடனே வெளிக்கிட்டு வா, நான் வெளியிலை நிக்கிறன்” என்று சொல்லவேண்டும். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் அது கேட்கவேண்டும். ஸிப் ஒய்ஸ்டர் அட்டையில் பஸ் இலவசம்தான், என்றாலும் அந்த நேரத்தில் நீங்களே போவது நல்லது. 2008 ஜூன் முதலாம் தேதி அப்போதைய மேயர் பொறிஸ் ஜோன்சன் லண்டன் பஸ்சிலும் டியூப்பிலும் மதுவைத் தடைசெய்தார். அதற்கு முதல் நாள் இரவு சர்க்கிள் லைனில் ஊரே கூடிப் போத்தலோடு வழியனுப்பு விழா நடத்தியதும், சில நிலையங்களை மூடவேண்டி வந்ததும் வேறு கதை. தடை இன்றும் இருக்கிறது. ஆனால் வெள்ளி நள்ளிரவு பஸ்சின் மேல்தட்டைப் பார்த்தவர்கள் பிள்ளையைத் தனியே அதில் ஏற்ற விரும்பமாட்டார்கள்.

கூட்டிவரும்போது காருக்குள் விசாரணை வேண்டாம். இந்த ஒரு நிபந்தனையை மீறினால் அந்தக் குறி இரண்டாம் தடவை வராது. மகள் வைத்திருப்பவர்கள் இதை இரண்டு மடங்கு கவனிக்கவேண்டும். இந்த நாட்டில் பெண்பிள்ளைகள் பெடியன்களைவிடக் குறைவாகக் குடிப்பதில்லை. நம் வீடுகளில் மகன் குடித்தால் ஏச்சு, மகள் குடித்தால் குடும்ப மானம். அதனால் அவள் கடைசி வரைக்கும் வீட்டுக்கு ஃபோன் எடுக்கமாட்டாள். தெரியாத ஒருவனின் காரில் ஏறினாலும் ஏறுவாள், அப்பாவைக் கூப்பிடமாட்டாள். அவளுக்கு மட்டும் இதைத் தனியாக, தெளிவாகச் சொல்லவேண்டும்: எந்த நிலையில் நின்றாலும், எந்த நேரமானாலும் கூப்பிடு, வருவேன்.

குடித்தே விட்டால்? பிள்ளைகள் குடிப்பது நம் ஆட்கள் மாதிரி ஆறுதலாக இருந்து அல்ல. கோக் போத்தலில் வொட்காவைக் கலந்து அரை மணித்தியாலத்தில் முடிப்பார்கள். 37.5 வீத வொட்காவின் 70 சென்டிலீற்றர் போத்தல் ஒன்றில் 26 யூனிட் இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கே கிழமை முழுதுக்கும் 14க்கு மேல் வேண்டாம் என்கிறது இந்த நாட்டு வழிகாட்டல். மூன்று பிள்ளைகள் ஒரு போத்தலைப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்பது யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு, ஒரே இரவில், சின்ன உடம்பில். குடிப்பதை நிறுத்திய பிறகும் இரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே ‘படுத்தெழும்பினால் சரியாயிடும்’ என்று ஒரு அறையில் தனியே கிடத்துவதுதான் அந்த இரவின் பெரிய ஆபத்து. கறுப்புக் கோப்பி, குளிர்தண்ணீர்க் குளிப்பு, ஓங்காளிக்க வைப்பது எதுவும் வேண்டாம். மூச்சு மெதுவாகிறது, தோல் சில்லிட்டு உதடு நீலம் பாய்கிறது, வலிப்பு வருகிறது, எழுப்ப எழும்பவில்லை என்றால் 999. பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் இருக்கவேண்டும். அந்த வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகள் ஏச்சு விழும் என்று பயந்து ஃபோனைத் தொடமாட்டார்கள். அதனால் இதை உங்கள் பிள்ளைக்கு, அவன் குடிக்காதவன் என்றாலும், அவனுக்குத்தான் முதலில் சொல்லிவைக்கவேண்டும். அந்த அறையில் தெளிவாக நிற்கும் ஒரே ஆள் அவனாக இருக்கலாம்.

பெற்றோரிடம் கதைக்கமுடியாத பிள்ளைக்கு சைல்ட்லைன் 0800 1111 இருக்கிறது, காசு இல்லை. வீட்டில் குடிப்பவர் அப்பாவே என்றால், அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே நகோவா என்ற அமைப்பு 0800 358 3456 என்ற எண்ணில் பேசுகிறது.

விசாரணையை மறுநாள் மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், சாப்பிட்டு முடிந்த பிறகு. ‘ஆர் வாங்கித் தந்தது?’ என்று தொடங்கினால் நண்பனைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிறீர்கள், வாய் மூடிவிடும். எந்த நிமிடத்தில் மறுக்கமுடியாமல் போனது, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள், என்ன சொல்லியிருந்தால் தப்பியிருக்கலாம் என்று கேளுங்கள். அடுத்த பார்ட்டிக்கு எந்தச் சாக்கு எடுபடும் என்று அவனே சொல்வான். சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்ளுங்கள், அதில் உங்கள் பெயர்தான் கெடும் என்றாலும்.